சயாமுக்குப் போகாதவர்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. நம் வட்டாரப் பொறுப்பாளர் அக்கா வாட்ஸாப்பில், “தம்பி, நாற்காலி அடுக்க ஆள் வேணும், நாலு பேரக் கூட்டிட்டு வா” என்று அனுப்பியிருந்தார். செமஸ்டர் விடுமுறை. வீட்டில் சும்மா இருந்தால் அம்மா வேலை சொல்வார். சரி என்று போர்ட் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கிள்ளானில் இறங்கி, அந்தக் கோயில் மண்டபத்துக்குப் போனோம். பேச வருபவர் சயாம் மரண ரயிலில் வேலை செய்து உயிரோடு திரும்பியவர் என்பதே அங்கே போன பிறகுதான் தெரியும்.

வந்தவர் தொண்ணூற்றைந்தைத் தாண்டியவர். சக்கர நாற்காலியில் பேத்தி தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. மைக்கைக் கையில் கொடுத்ததும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இருபது நிமிடம்தான் பேசினார். (அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று பேத்தி கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே அவர் ‘தாத்தா’ மட்டும்தான்.)

அவர் பேச்சு சொற்பொழிவு மாதிரி இல்லை. பதினைந்து வயதில் அப்பாவோடு சேர்த்துக் கூட்டிப் போனார்கள். கோலாலம்பூரிலிருந்து சரக்கு ரயில் பெட்டி. உட்கார இடமில்லை. சயாமில் இறங்கிய பிறகு நாள் கணக்கில் காட்டுக்குள் நடை. மூங்கிலும் அத்தாப்பும் வைத்துக் கட்டிய கொட்டகை. மழை பெய்தால் படுத்திருக்கும் மூங்கில் தட்டுக்குக் கீழே தண்ணீர் ஓடும். அதே தண்ணீரில்தான் எல்லாமே. பிறகு வாந்திபேதி வந்தது. “காலையில கூட மண்ணு வெட்டுனவன் சாயந்தரம் இருக்க மாட்டான்” என்றார். அவருக்குக் கொடுத்த வேலை, செத்தவர்களை இழுத்துக்கொண்டு போய் எரிக்கும் இடத்தில் போடுவது. பதினாறாம் நாள் அப்பாவையும் அவர்தான் இழுத்துப் போனாராம். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. மண்டபத்தில் மற்றவர்கள் அழுதார்கள்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம். யாரும் கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். நான் எழுந்து, ரொம்பப் பெரிய கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு, “தாத்தா, ஜப்பான்காரங்கள நீங்க மன்னிச்சிட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவர் காதில் பேத்தி திரும்பச் சொன்னார். தாத்தா சிரித்தார். “ஜப்பான்காரன விடு தம்பி. அவன் எங்கேருந்தோ வந்தவன், எங்க பேரு கூட அவனுக்குத் தெரியாது. எங்க பேரத் தெரிஞ்சு எழுதிக் குடுத்தது நம்ம ஆளு. அவன் மவன் கல்யாணத்துக்கு நான் மொய் எழுதியிருக்கேன்.”

அவ்வளவுதான் பதில். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் மன்னித்துவிட்டாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரையே அதனால் வந்ததுதான்.

நாலு மீட்டருக்கு ஒருவர்

நம்மில் பலருக்கு இந்த வரலாறு பெயரளவில்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான். பள்ளிப் பாடத்தில் ஒரு வரி படித்ததாக ஞாபகம். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1941 டிசம்பரில் ஜப்பான் ராணுவம் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் தோற்ற பிறகு, பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தானது. அதனால் சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் குடைந்து தண்டவாளம் போட முடிவு செய்தார்கள். ஐந்து வருடம் பிடிக்கும் என்று கணக்குப் போட்ட வேலை, ஒன்றரை வருடத்துக்குள் முடிந்தது. 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் கொங்கொய்தா என்ற இடத்தில் சேர்ந்தன.

நேச நாட்டுப் போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல் வேலை செய்தார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். உலகம் பேசுவது இவர்களைப் பற்றித்தான். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ என்ற 1957ஆம் ஆண்டுப் படம் இவர்களைப் பற்றியதே. அந்தப் படத்தை எடுத்தது கூட சயாமில் இல்லை, இலங்கையில் கித்துல்கலையில். அதில் நம் ஆட்களின் கதை இல்லை.

ஆனால் அந்த ரயில்பாதையில் அதிகம் வேலை செய்ததும் அதிகம் செத்ததும் ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர் என்று சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். இறந்தவர்கள் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலானோர் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத் தமிழர்கள்.

நான் பொறியியல் மாணவன். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 415 கிலோமீட்டர் என்றால் நாலு லட்சத்துப் பதினைந்தாயிரம் மீட்டர். போர்க் கைதிகளையும் சேர்த்து ஒரு லட்சம் சாவு என்று வைத்தால், சுமார் நாலு மீட்டருக்கு ஒருவர். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது கொமுட்டர் பெட்டியைப் பார்த்தேன். ஒரு பெட்டி இருபது மீட்டருக்கு மேல் நீளம். ஒரு பெட்டி நிற்கும் இடத்துக்கு அடியில் ஐந்து பேர். கிள்ளானிலிருந்து போர்ட் கிள்ளான் வரை அப்படியே எண்ணிக்கொண்டு வந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஏன் போனார்கள்? போரால் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. தோட்டத்தில் வேலையில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அப்போது, “மூணு மாச வேலை, ஒரு நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, மருந்து, தங்க இடம் எல்லாம் உண்டு” என்று அறிவித்தார்கள். முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை, செய்தியும் வரவில்லை என்றதும் யாரும் போக மறுத்தார்கள். அதற்குப் பிறகு கட்டாயம். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேர் கொடுக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. அந்தக் கணக்கை நிரப்ப ஒரு பட்டியல் வேண்டும். பட்டியல் எழுதத் தோட்டத்தில் யாருக்கு எழுத்து தெரியும்? கிராணிக்கு. யாருக்கு ஆளைத் தெரியும்? கங்காணிக்கும் மண்டோருக்கும்.

தாத்தா சொன்ன ‘நம்ம ஆளு’ இவர்கள்தான்.

பாட்டி சொன்னது

எங்கள் குடும்பத்தில் ஒரு பெருமைக் கதை உண்டு. பாட்டியின் அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, சயாமுக்குப் போகாமல் தப்பித்தவர். “முனியாண்டி காப்பாத்திட்டாரு” என்று பாட்டி சொல்வார். தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போதெல்லாம் இந்தக் கதை வரும். எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவோம். நானும் சின்ன வயதிலிருந்து கும்பிட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்குப் போய்வந்த இரண்டு நாள் கழித்து, பாட்டி பசியாறிக்கொண்டிருந்தபோது கேட்டேன். “பாட்டி, முனியாண்டி எப்படிக் காப்பாத்தினாரு?”

பாட்டி ரொட்டியைத் தேநீரில் தொட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். மண்டோர் எங்கள் கொள்ளுப்பாட்டியின் அண்ணன். பட்டியலில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் வந்துவிட்டது. தங்கை போய் அண்ணன் காலில் விழுந்தார். கையில் மூன்று பிள்ளை, வயிற்றில் ஒன்று. அண்ணன் பெயரை எடுத்துவிட்டார்.

“அப்ப கணக்கு குறையுமே பாட்டி?”

பாட்டி கொஞ்சம் நிறுத்தினார். “அதே லயத்துல கடைசி வீட்டுக்காரரு போனாரு. அவரும் கல்யாணம் ஆனவருதான். திரும்பி வரல. அந்தம்மா ரொம்ப நாளு பெரட்டுக் களத்துல வந்து நிப்பாங்களாம், லாரி வருதான்னு பாக்க. எங்கம்மா அவங்களப் பாத்தா வேற பக்கமா நடந்து போயிருவாங்க.”

பாட்டிக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருந்தது. எண்பது வருடம் கழித்தும் இருந்தது. ஆனால் தீபாவளிக் கதையில் ஒருமுறை கூட அந்தப் பெயர் வந்ததில்லை.

நண்பர்களே, இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் பிறந்ததற்குக் காரணமான சங்கிலியில் ஒரு கண்ணி இது. அந்தக் கடைசி வீட்டுக்காரர் போகாமல் இருந்திருந்தால் என் கொள்ளுத்தாத்தா போயிருப்பார். பாட்டியின் தம்பி தங்கைகள் பிறந்திருக்க மாட்டார்கள். பாட்டியே பிழைத்திருப்பாரோ என்னவோ. இப்போது என் கேள்வி இதுதான்: இதில் எனக்கு ஏதாவது பொறுப்பு உண்டா? நான் என்ன தப்பு செய்தேன்?

“அவங்க கர்மா” என்ற பதில்

கூட்டம் முடிந்து திரும்பும்போது ரயிலில் ஒரு நண்பன் சொன்னான்: “என்னடா பண்றது, போன ஜென்மத்துல என்ன செஞ்சாங்களோ, அவங்க கர்மா.” அவன் கெட்டவன் இல்லை. மனசு கனமாக இருக்கும்போது அதை எங்காவது இறக்கிவைக்க வேண்டும் அல்லவா, அப்படிச் சொன்னான். நானும் தலையாட்டினேன். நாம் எல்லாரும் எத்தனை துக்க வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறோம்.

பாட்டி சொன்னதைக் கேட்ட பிறகு அந்தப் பதிலைத் திரும்ப யோசித்தேன். கடைசி வீட்டுக்காரர் செத்தது அவருடைய கர்மா என்றால், பெயரை மாற்றி எழுதிய மண்டோர் யார்? வெறும் தபால்காரர். ஜப்பான் அதிகாரி? அவரும் தபால்காரர். யார் மேலும் குற்றமில்லை, செத்தவர் மேல் மட்டும் குற்றம். இந்த விளக்கத்தால் உலகத்திலேயே அதிக லாபம் யாருக்கு? எங்கள் குடும்பத்துக்குத்தான். எனக்கு வசதியான விளக்கம் என்பதாலேயே அதை நான் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றியது.

கர்மக் கொள்கை தப்பு என்று நான் சொல்லவில்லை. அதை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதுதான் கேள்வி. என் செயலுக்கு நான் பொறுப்பு, அதன் பலனிலிருந்து தப்ப முடியாது என்று என்னை நோக்கித் திருப்பினால் அது தர்மம். உன் வேதனைக்கு நீயே காரணம் என்று அடுத்தவனை நோக்கித் திருப்பினால் அது கல்நெஞ்சம். கர்மத்தின் போக்கு அறிவதற்கு அரியது என்று கீதையில் கண்ணனே சொல்கிறான். அப்படியிருக்க, ரயிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு லட்சம் பேருடைய கணக்கை நாம் எப்படிப் பார்த்து முடித்தோம்?

சுவாமி விவேகானந்தர் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. 1897இல் கல்கத்தாவில் பசுப் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் நன்கொடை கேட்டு வந்தார். மத்திய இந்தியாவில் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் சாகிறார்களே, அவர்களுக்கு உங்கள் சங்கம் ஏதாவது செய்ததா என்று சுவாமிஜி கேட்டார். அது மக்கள் செய்த கர்மத்தின் பலன் என்று வந்தவர் சொன்னார். சுவாமிஜிக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் பசுவும் தன் கர்மத்தால்தான் கசாப்புக் கடைக்குப் போகிறது, அதற்கு மட்டும் நீங்கள் ஏன் பாடுபட வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். நம் கூட்டங்களில் விவேகானந்தர் படத்துக்கு மாலை போடுகிறோம். இந்தச் சம்பவத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

யார் மன்னிப்பது?

ஐரோப்பாவில் இதே காலத்தில் ஹிட்லரின் ஆட்சி அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றது. (நம் நாட்டில் யூதர் என்று சொன்னாலே பேச்சு இன்றைய அரசியலுக்குப் போய்விடும். நான் பேசுவது 1940களில் ரயில் பெட்டியில் ஏற்றப்பட்ட சாதாரணக் குடும்பங்களைப் பற்றி.) அங்கே தப்பிப் பிழைத்தவர்கள் எழுதினார்கள், பேசினார்கள், பள்ளிகளுக்குப் போய்ச் சொன்னார்கள். அவர்கள் யோசித்த கேள்விகள் நமக்கும் உதவுகின்றன.

சைமன் விசெந்தால் என்பவர் கட்டடக் கலை படித்தவர். முகாமில் கைதியாக இருந்தபோது, சாகக் கிடந்த ஒரு நாஜிச் சிப்பாயிடம் அவரைக் கூட்டிப் போனார்கள். யூதக் குடும்பங்களை ஒரு வீட்டில் அடைத்து எரித்ததில் தனக்கும் பங்கு உண்டு, ஒரு யூதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாக வேண்டும் என்றான் அவன். விசெந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். நான் செய்தது சரியா என்று பிறகு ‘தி சன்ஃபிளவர்’ என்ற புத்தகத்தில் உலகத்தையே கேட்டார். பலர் பதில் எழுதினார்கள். அதில் எனக்குச் சரியாகப்பட்ட வாதம் இது: எரிந்தவர்கள் சார்பில் மன்னிக்க எரியாதவருக்கு உரிமை இல்லை.

நம் பாகவதத்திலும் இது இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த பாண்டவப் பிள்ளைகளை அசுவத்தாமன் இரவில் கொன்றான். அர்ச்சுனன் அவனைக் கட்டி இழுத்து வந்தான். அவனை விட்டுவிடச் சொன்னது பாஞ்சாலி. தன்னைப் போல அவன் தாயும் அழ வேண்டாம் என்றாள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள், சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. அப்போதும் அவன் செய்தது குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை. தலையில் இருந்த மணியை அறுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

இப்போது கிள்ளான் மண்டபத்தில் நான் கேட்ட கேள்வி எவ்வளவு சுலபமானது என்று புரிகிறது. தாத்தா தனக்கு நடந்ததை மன்னிக்கலாம். மொய் எழுதியது அதுவாகக்கூட இருக்கலாம். அப்பாவுக்கு நடந்ததை அவர்கூட முழுசாக மன்னிக்க முடியாது. நானோ கேட்கும் இடத்தில்கூட இல்லை. ஒருவேளை மன்னிப்பு வேண்டியவர்கள் பக்கத்தில்தான் நான் இருந்திருக்கிறேன்.

பிரிமோ லெவி என்ற இத்தாலிய வேதியியலாளர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து திரும்பியவர். 1986இல் வந்த கடைசிப் புத்தகத்தில், அடக்குபவனுக்கும் அடங்குபவனுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிற இடம் இருக்கிறது என்று விளக்கினார். கைதிகளிலேயே சிலரை வைத்துத்தான் முகாம் நடந்தது. அவர்களைச் சட்டென்று தீர்ப்புச் சொல்லி ஒதுக்காதே, அதே சமயம் கொன்றவனையும் அவர்களையும் ஒன்றாக்கிக் குழப்பாதே என்பது அவர் நிலை. எங்கள் மண்டோர் தாத்தாவைப் பற்றி யோசிக்க எனக்குக் கிடைத்த ஒரே உதவி இதுதான். துப்பாக்கி வைத்திருந்தவன் அவர் இல்லை. பட்டியல் கொடுக்காவிட்டால் அவர் தலை போயிருக்கும். தங்கை காலில் விழுந்தபோது நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நானும் பெயரை எடுத்திருப்பேன். ஆனால் அதற்காக, இன்னொரு பெயரை எழுதியது ஒன்றுமில்லாத காரியம் ஆகிவிடாது.

நம் பெருமைகளிலும் இந்தச் சாம்பல் நிறம் இருக்கிறது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் நம் பெண்கள் துப்பாக்கி தூக்கினார்கள். அதைப் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் தேதியைப் பாருங்கள். சயாம் தண்டவாளம் சேர்ந்தது அக்டோபர் 17. சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21. நடுவில் நாலு நாள். ஒரே ஜப்பான், ஒரே தோட்டம், ஒரு வீட்டுப் பிள்ளை ராணுவத்துக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளை ரயில்பாதைக்கு. சயாமுக்குப் பிடித்துப் போகாமல் இருக்கவே ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. நேதாஜியைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. ஒன்றுக்கு விழா எடுத்துவிட்டு மற்றதை மறந்தால் பாதி வரலாறுதான் நம்மிடம் இருக்கும்.

குற்றம் வேறு, கடன் வேறு

என் கேள்விக்கு வருகிறேன். நான் என்ன தப்பு செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. நான் பிறக்க அறுபது வருடத்துக்கு முன்னால் நடந்தது. அதனால் குற்றவுணர்ச்சியோடு அலைவதில் அர்த்தமில்லை. அப்படியானால் விட்டுவிடலாமா?

இங்கேதான் நம் மரபு எனக்குக் கைகொடுத்தது. மனிதன் பிறக்கும்போதே மூன்று கடனோடு பிறக்கிறான் என்று நம் சாத்திரம் சொல்கிறது: தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன். அந்தக் குழந்தை எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் கடன் இருக்கிறது. ஏனென்றால் அது வாங்கியிருக்கிறது. உயிரை வாங்கியிருக்கிறது, அறிவை வாங்கியிருக்கிறது. வள்ளுவரும் இல்லறத்தான் செய்ய வேண்டிய ஐந்து கடமையில் தென்புலத்தாரைத்தான் முதலில் வைக்கிறார். குற்றம் செய்தவனுக்கு மட்டும்தான். கடன் பெற்றவனுக்கு எல்லாம் உண்டு. நான் பெற்றவன்.

யாருக்குக் கடன்? என் குலத்து முன்னோருக்கு மட்டுமா? மகாபாரதத்தில் ஸ்திரீ பர்வம் என்று ஒன்று இருக்கிறது. போர் முடிந்து, பெண்கள் களத்தில் நடந்து ஒவ்வொரு உடலாக அடையாளம் கண்டு அழுகிறார்கள். அப்போது திருதராட்டிரன் தருமரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: சொந்தம் என்று யாருமில்லாமல் செத்துக் கிடப்பவர்களுக்கு யார் ஈமக்கடன் செய்வது? தருமர் ஆள் அனுப்பி, அவர்கள் எல்லாருக்கும் முறைப்படி செய்ய வைக்கிறார். எந்தப் பக்கம் நின்றவன் என்று பார்க்கவில்லை. இன்றைக்கும் தர்ப்பணத்தில், நீர் விட யாருமில்லாதவர்களுக்கு என்று ஒரு கை தண்ணீர் தனியாக விடுகிறோம். ஐயர் சொல்லச் சொல்ல நான் இத்தனை வருடம் அர்த்தம் தெரியாமல் விட்டிருக்கிறேன்.

காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் 6,982 பேர் இருக்கிறார்கள். பெயர் தெரிந்தவருக்குப் பெயரும் படைப்பிரிவும் பொறித்த பலகை, வெட்டிய புல். நம் ஆட்கள் எரிக்கப்பட்டார்கள், குழியில் மொத்தமாகப் போடப்பட்டார்கள், ஆற்றோடு போனார்கள். ஜெருசலேமில் உள்ள யாட் வாஷெம் நினைவகம் 48 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களின் பெயர்களைத் தேடிச் சேர்த்திருக்கிறது. பெரும்பாலும் உறவினர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுதிக் கொடுத்த படிவங்கள். நம்மிடம் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள் இருக்கின்றன. குடும்பங்களைத் தேடிப் பேச வைத்த சிலர் இருக்கிறார்கள். பெயர்கள் மட்டும் இன்னும் பாட்டிகளின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. எவ்வளவு நாளைக்கு?

நான் எழுதிய பட்டியல்

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது.

போன வருடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கட்டுமானத் தளத்தில் பத்து வாரம் தொழிற்பயிற்சி செய்தேன். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நேப்பாளம், வங்காளதேசத்துக்காரர்கள். கொங்சியில் தங்கியிருந்தார்கள். பலர் ஊரில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, வேறு சம்பளம், வேறு வேலை என்று நம்பி வந்தவர்கள். தினமும் காலையில் பாதுகாப்பு விளக்கம் கொடுத்து, வந்தவர்கள் பெயருக்கு நேரே அடையாளம் போட வேண்டும். மேற்பார்வையாளர் என்னிடம், “விளக்கம் எல்லாம் வேணாம் தம்பி, நேரமில்ல, எல்லாருக்கும் டிக் பண்ணிரு” என்றார். நான் டிக் பண்ணினேன். பத்து வாரமும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், “விளக்கம் கேட்டான், அவன்தான் கவனமா இல்ல” என்பதற்கு என் கையெழுத்துதான் சாட்சி.

சயாமுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாட்டி சொன்னதைக் கேட்ட ராத்திரி எனக்கு மண்டோர் முகம் தெரியவில்லை, அந்த டிக் போட்ட தாள்தான் தெரிந்தது. எழுத்து தெரிந்தவன் கையில்தான் பேனாவைக் கொடுப்பார்கள். இன்றைக்கு அந்த எழுத்து தெரிந்தவர்கள் நாம்தான். நம்மில் பொறியியலாளர், கணக்காளர், மனிதவள அதிகாரி ஆகப்போகிறவர்கள் எத்தனை பேர்! இனி கேட்காத விளக்கத்துக்கு டிக் போட மாட்டேன் என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். வேலைக்குப் போன பிறகு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அப்போது நீங்கள் என்னைக் கேளுங்கள்.

இந்த ஆடி அமாவாசைக்குப் பாட்டியை மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். முன்னோர் பெயர் சொல்லி நீர் விட்டோம். கடைசியில் பாட்டி தானாகவே அந்தப் பெயரைச் சொன்னார், கடைசி வீட்டுக்காரர் பெயரை. கோத்திரம் தெரியாது. சிவ கோத்திரம் என்று சொல்லி ஒரு கை தண்ணீர் விட்டேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் எங்காவது இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் எழுத எங்களுக்கு உரிமை கிடையாது. தேடிக்கொண்டிருக்கிறோம்.

வீடு திரும்பியதும் பாட்டி சொல்லும் இன்னும் பதினோரு பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். தோட்டம், லயம், யார் மகன், யார் கணவர், திரும்பினாரா இல்லையா. உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், “நம்ம ஆளு யாரு போனாங்க?” என்று கேட்டு எழுதுங்கள். அதோடு நிற்காமல், “நமக்குப் பதிலா யாரு போனாங்க?” என்றும் கேளுங்கள்.